28-ஆல் பெருக்கி எழுதும் வாரப் பட்டியல்

வாரச் சாமானுக்குப் பட்டியல் எழுதும்போது நம்மில் பலர் அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமே எடை குறிப்பிடுகிறோம். காய்கறி என்று வந்தவுடன் 'காய் – 300 ரூபாய்க்கு' என்று எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்த சமயத்தில், மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மையார், "வாரத்துக்கு எத்தனை கிலோ காய் வாங்குறீங்க?" என்று கேட்டார். 25 கிலோ அரிசி மூட்டை எங்கள் வீட்டில் எத்தனை நாளைக்கு வரும் என்பது எனக்கு நாள் பிசகாமல் தெரியும். காயின் எடையைச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்த காய் முழுவதையும் நிறுத்துப் பார்த்தேன். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்ந்தே ஐந்தரைக் கிலோதான் இருந்தது. அதைப்போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பதை அதன்பிறகுதான் அறிந்தேன்.

அன்று முதல் பட்டியலை ரூபாயில் எழுதுவதை விட்டு, எல்லாப் பொருளையும் எடையில் எழுதி வருகிறோம். அந்த முறையை இங்கே விரிவாகச் சொல்கிறேன். நான் வசிப்பது மதுரை என்பதால் சந்தையும் காயும் மதுரைக்குரியவையாக இருக்கும். கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிகளைத் திருத்தி 2024 மே மாதத்தில் வெளியிட்டது. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, சமைப்பதற்கு முந்தைய எடையில், தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் 35 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர் என்று அது ஒரு நாள் தட்டை வகுத்துக் காட்டுகிறது. முட்டை, மீன், இறைச்சி உண்பவர்களுக்கு அவையும் அந்த 85 கிராமுக்குள் அடங்கும். வீட்டில் நான்கு பேர், வாரத்துக்கு ஏழு நாள். ஆக, ஒவ்வோர் அளவையும் 28-ஆல் பெருக்கினால் வாரப் பட்டியல் கிடைத்துவிடும். தானியம் 7 கிலோ, பருப்பு வகை 2.4 கிலோ, காய்கறி 11.2 கிலோ, பழம் 2.8 கிலோ, கொட்டைகளும் வித்துகளும் ஏறத்தாழ ஒரு கிலோ, எண்ணெய் முக்கால் கிலோ, பால் 8.4 லிட்டர். மூன்று பேர் என்றால் 21-ஆலும், ஐந்து பேர் என்றால் 35-ஆலும் பெருக்கிக் கொள்ளலாம். சிறு குழந்தைகளுக்கு இந்த அளவு வேண்டியதில்லை. வயலிலும் பட்டறையிலும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு இது போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

இந்தக் கணக்கில் என்னை வியக்க வைத்தது தானியத்துக்கும் காய்க்கும் உள்ள இடைவெளி. அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்ந்து 7 கிலோ என்றால், காய் 11 கிலோ. எங்கள் வீட்டில் அதுவரை இது தலைகீழாக இருந்தது. எனவே பட்டியலின் வரிசையையே மாற்றிக்கொண்டோம்: முதலில் கீரை, அடுத்து காய், பிறகு பருப்பு, அதன்பின் பழமும் வித்துகளும், கடைசியாகத்தான் அரிசி. கையில் உள்ள பணமும் இதே வரிசையில் செலவாக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறோம்.

கீரையும் காயும்

11.2 கிலோவை நாங்கள் பிரித்துக்கொள்ளும் விதம் இது: சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் தலா ஒரு கிலோ, தக்காளி இரண்டு கிலோ, நாட்டுக் காய்கள் நாலரைக் கிலோ, கேரட், பீன்ஸ், பீட்ரூட், முட்டைக்கோஸ் போன்ற மலைக்காய்கள் ஒன்றரைக் கிலோ, மீதிக்கு நான்கு கட்டுக் கீரை. உருளைக்கிழங்கை இந்தக் கணக்கில் நாங்கள் சேர்ப்பதில்லை. பழமும் காய்கறியும் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனமும், உருளை, மரவள்ளி போன்ற மாவுச்சத்து மிகுந்த கிழங்குகளை அதில் சேர்ப்பதில்லை. உருளைக்கிழங்கு பொரியல் இருக்கும் நாளில் காய் சமைத்துவிட்டோம் என்று நிறைவடைவது எங்கள் வீட்டிலும் இருந்த பழக்கந்தான். இப்போது அதை அரிசியின் பக்கத்தில் எழுதுகிறோம்.

மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டதுதான் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை. விளைவித்தவரே நேரில் கொண்டு வந்து விற்பதும், அன்றன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருப்பதும் அதன் சிறப்பு. விலை மொத்த விற்பனை விலைக்குச் சற்று மேலும் கடை விலைக்குக் கீழுமாக அமையும் என்பதால், எடையை இரண்டு மடங்காக்கிய பிறகும் எங்கள் செலவு இரண்டு மடங்காகவில்லை. காலை ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது. கீரை முதலில் தீர்ந்துவிடும். உள்ளே நுழைந்தவுடன் வாங்கத் தொடங்காமல் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுவதையும், எந்தக் காய் எல்லாரிடமும் குவிந்து கிடக்கிறதோ அதைக் கூடுதலாக எடுப்பதையும் வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். குவிந்து கிடப்பது அந்தப் பருவத்துக் காய். அதுவே மலிவாகவும் பிஞ்சாகவும் இருக்கும்.

பட்டியலில் 'கத்தரிக்காய்' என்றோ 'அவரைக்காய்' என்றோ எழுதிக்கொண்டு போவதை இதனாலேயே விட்டுவிட்டோம். 'நாட்டுக் காய் – நாலரைக் கிலோ, ஐந்து வகை' என்று மட்டும் எழுதுகிறோம். தை மாதத்தில் பச்சை மொச்சையும் அவரையும் வந்து குவியும்; கோடையில் வெள்ளரியும் மாங்காயும் கிடைக்கும்; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தக்காளி விலை ஏறினால் ஒரு கிலோவோடு நிறுத்திக்கொண்டு, புளியை வைத்துச் சமாளித்து, அந்த ஒரு கிலோவுக்குச் சுரைக்காயோ பூசணிக்காயோ வாங்கிவிடுகிறோம். எடை குறையாமல் இருப்பதுதான் இதில் முக்கியம்.

காயைத் தேர்ந்தெடுக்கும் கலையை என் தாயாரிடமிருந்து கற்றுக்கொண்டேன். வெண்டைக்காயின் நுனி ஒடித்தவுடன் 'டக்'கென்று முறிய வேண்டும், வளைந்தால் முற்றியது. ஆனால் ஒன்றை ஒடித்துப் பார்த்தால் போதும், பத்தை ஒடித்துப் போட்டுவிட்டு நகர்வது விற்பவருக்குச் செய்யும் அநியாயம். கத்தரிக்காயின் காம்பு பச்சையாகவும் தோல் பளபளப்பாகவும் இருப்பதோடு, அதன் பருமனுக்கு எடை இலேசாக இருக்க வேண்டும். கனத்தால் உள்ளே விதை மிகுந்திருக்கும். சிறு துளை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். சுரைக்காயில் நகம் எளிதாக இறங்க வேண்டும். முருங்கைக்காயை இரு முனையிலும் பிடித்து இலேசாக முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும். விதைகள் முண்டும் முடிச்சுமாக வெளியே தெரிந்தால் அது முற்றியது. பாகற்காய் மஞ்சள் படராமல் இருக்கட்டும். பீர்க்கங்காயின் வரிகள் விறைப்பாக இருக்க வேண்டும். அதன் தோலையும் வீசிவிடாமல் துவையலுக்கு வைத்துக்கொள்ளலாம். அவரைக்காய் பட்டையாக இருக்க வேண்டும், விதை புடைத்திருக்கக் கூடாது. முட்டைக்கோஸுக்கு மட்டும் கத்தரிக்காயின் விதி மாறும்: கையில் எடுத்தால் கனமாக இருப்பதே நல்லது.

கீரையில் இரண்டு கட்டு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு கட்டு வியாழக்கிழமையும் வாங்குகிறோம், ஏனென்றால் நான்கையும் ஒரே நாளில் வாங்கினால் பின்னிரண்டும் அழுகிப்போகும். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று வாரந்தோறும் மாற்றிக்கொள்வது நல்லது. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்துப் பூச்சி முட்டை இல்லாத கட்டாக எடுங்கள். வேரும் சிறிது மண்ணுமாக உள்ள கட்டு, வேர் நறுக்கிய கட்டைவிட ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். முருங்கைக்கீரைக்குப் பணம் தேட வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு முருங்கை மரமாவது இருக்கிறது, கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக வந்தாலும், கொத்தமல்லி ஒரு கட்டுத் தனியாக வாங்கித் துவையலாக்கினால் அதுவும் கீரைக் கணக்கில் சேரும்.

பருப்பும் பயறும்

சைவ உணவு உண்ணும் வீட்டுக்கு இங்கே 2.4 கிலோவும் பருப்பாகவே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முட்டையும் மீனும் உண்டு என்பதால் பருப்பும் பயறும் 1.6 கிலோ வாங்குகிறோம்: துவரம்பருப்பு அரைக்கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ, தோலுடன் உள்ள கருப்பு உளுந்து கால் கிலோ, மீதி 600 கிராமுக்குக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொள்ளு ஆகியவற்றில் மூன்று. பலரும் சாம்பாருக்கு உரிய பருப்பை மட்டும் வாங்கிவிட்டுப் பயறுகளை விட்டுவிடுகிறார்கள். தோல் நீக்காத பயறில் நார்ச்சத்து மிகுதி. பசி சீக்கிரம் எடுக்காது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பெரிய நன்மை. சனிக்கிழமை இரவு ஊற வைத்த கொண்டைக்கடலை ஞாயிறு மாலைச் சுண்டலாகிவிட்டால், அன்று பிள்ளைகள் பொட்டலத் தின்பண்டம் கேட்பதில்லை.

தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்ற விகிதம் இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள், 250-க்கு 85. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் இரண்டும் சேரும்போது புரதம் முழுமை பெறுகிறது. வெண்பொங்கல், அடை, பருப்புச் சாதம் ஆகியவற்றில் இந்தச் சேர்க்கை இயல்பாகவே இருக்கிறது. இட்லி மாவில் உளுந்து நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால், சாம்பாரையும் சேர்த்துக் காலையிலேயே விகிதம் சரியாகிவிடும்.

துவரம்பருப்பு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அதில் கேசரிப் பருப்பைக் கலப்பது பழைய மோசடி. அதைத் தொடர்ந்து உண்டால் கால்கள் செயலிழக்கும் நோய் வரக்கூடும். துவரம்பருப்பு வட்டமாக இருக்கும். கேசரிப் பருப்பு ஒரு பக்கம் சரிந்து ஆப்பு வடிவில் இருக்கும். ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பளபளவென்று மஞ்சள் பூசியதுபோல் இருக்கும் பருப்பையும் தவிர்க்கலாம். அதற்குத் தகுதியுள்ள குடும்ப அட்டை வைத்திருப்பவர்களுக்கு நியாயவிலைக் கடையில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்காமல் விட்டுவிட்டு வெளிக்கடையில் பல மடங்கு விலை கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முட்டை ஒன்று ஏறத்தாழ 50 கிராம், அதில் புரதம் 6 கிராம். வாரத்துக்கு ஒரு டஜன் வாங்குகிறோம். பழையதா என்ற ஐயம் இருந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் ஒதுக்கிவிடுங்கள். மீன் வாரத்துக்கு ஒரு முறை அரைக்கிலோ முதல் முக்கால் கிலோ. வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. தூத்துக்குடிப் பக்கம் சாளை என்று சொல்வது இந்த மத்தியைத்தான். நெத்திலியை முள்ளோடு உண்ணலாம் என்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். செவுள் சிவப்பாகவும், கண் தெளிவாகவும், விரலால் அழுத்திய இடம் மீண்டும் எழும்புவதாகவும் இருப்பதே நல்ல மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்த இரண்டு மாதத்தில் மீன் விலை உயர்ந்தும், ஐஸில் பல நாள் கிடந்ததாகவும் இருக்கலாம் என்பதால் நாங்கள் அப்போது மீனுக்குப் பதிலாகப் பயறையும் முட்டையையும் கூட்டிக்கொள்கிறோம்.

அரிசியும் சிறுதானியமும்

ஏழு கிலோவில் புழுங்கலரிசி நாலு கிலோ, இட்லி அரிசியையும் சேர்த்து. கேழ்வரகு ஒரு கிலோ, கோதுமை ஒரு கிலோ, கம்பு, தினை, சாமை, வரகு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று ஒரு கிலோ.

புழுங்கலரிசியைப் பற்றிச் சொல்லும்போது குன்னூரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்த இடம் ஐதராபாத் அல்ல. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் பொறுப்பில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாக அது தொடங்கியது. 1958-இல்தான் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. பெரிபெரி, தயமின் என்ற பி1 வைட்டமின் குறைவால் வரும் நோய். நன்றாகத் தீட்டிய பச்சரிசியையே உண்டு வந்தவர்களிடம் அது பரவியது. புழுங்கலரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. ஆகவே அரிசி வாங்குவதென்றால் அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலையும், பொங்கலுக்கும் பலகாரத்துக்கும் மட்டும் பச்சரிசியையும் வாங்குங்கள். இரண்டு மூன்று முறை தீட்டி வெள்ளைவெளேரென்று வரும் அரிசியைவிட மங்கலான நிறத்தில் இருப்பது மேல். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் போன்ற மரபு ரகங்கள் சிறந்தவை; விலை கூடுதல் என்பதால் வாரத்துக்கு அரைக்கிலோ வாங்கிக் கஞ்சியாகவோ, இட்லி அரிசியோடு கலந்தோ உண்கிறோம்.

நியாயவிலைக் கடை அரிசியில் கலந்து வரக்கூடிய வெளிர்நிறச் செறிவூட்டப்பட்ட மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று எண்ணிப் பொறுக்கி எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரிசி மாவோடு இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவில் செய்யப்பட்ட மணிகள் அவை. எறிய வேண்டாம்.

கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பாலில் இருப்பது ஏறத்தாழ 120 மில்லிகிராம். ஆகவே ஒரு கிலோ கேழ்வரகை எந்த வாரமும் தள்ளிப்போடுவதில்லை. மாவாக வாங்காமல் முழுத் தானியமாக வாங்கி, கழுவி உலர்த்தி, மாவு மில்லில் அரைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: சிறுதானியமும் தானியமே. சர்க்கரை நோய் உள்ளவர் சோற்றுக்குப் பதிலாகச் சாமைச் சோற்றை அதே குவியலாக உண்டால் பயன் குறைவு. என் தாயாருக்கு முதல் மூன்று மாதம் நாங்கள் செய்த தவறு அதுதான். காயின் அளவைக் கூட்டிச் சோற்றின் அளவைக் குறைத்த பிறகே இரத்தச் சர்க்கரை இறங்கியது.

பழம், வித்து, எண்ணெய், பால்

பழத்துக்கு 2.8 கிலோ. கொய்யா ஒரு கிலோ, பப்பாளி ஒன்று, மீதிக்கு வாழைப்பழம் என்பது எங்கள் அடிப்படைத் திட்டம். ஆயக்குடிக் கொய்யா வரும் நாட்களில் மதுரையில் அதைவிடச் சத்தும் மலிவும் உள்ள பழம் எனக்குத் தெரிந்து வேறில்லை. வைட்டமின் சி-யில் ஆரஞ்சைவிடக் கொய்யா மேல், நெல்லிக்காய் அதற்கும் மேல். நெல்லிக்காய் கால் கிலோ கிடைத்தால் தவறாமல் வாங்குங்கள். வாழையில் முழுதும் பழுத்ததாக ஒரு சீப்பும், செங்காயாக ஒரு சீப்பும் எடுத்தால் வாரக் கடைசிவரை வரும். மாம்பழப் பருவத்தில், கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தும் நடக்கிறது; சீராக மஞ்சள் நிறமாகவும், முகர்ந்தால் மணமில்லாமலும், உள்ளே புளிப்பாகவும் இருப்பது அதன் அடையாளம்.

ஒரு கிலோ கொட்டை என்றதும் பாதாமும் முந்திரியும்தான் பலர் நினைவுக்கு வருகின்றன. அந்த விலையைப் பார்த்துவிட்டு இந்த வரியையே அடித்துவிடுகிறார்கள். வேர்க்கடலையில் கால் பங்கு புரதம். அதை அரைக்கிலோவும், எள்ளை இருநூறு கிராமும் வாங்கிவிட்டு, மீதிக்குத் தேங்காயைக் கணக்கில் கொள்கிறோம். சுருங்கியதும் நிறம் மாறியதும் பூஞ்சை பிடித்ததுமான கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்ஸின் கல்லீரலைப் பாதிக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுதும் போகாது.

எண்ணெய் நான்கு பேருக்கு வாரம் முக்கால் கிலோ. மாதத்துக்கு மூன்றே கால் கிலோ அளவு. கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். செக்கு எண்ணெய் நல்லதுதான், ஆனால் செக்கில் ஆட்டியது என்பதற்காகக் கூடுதலாக ஊற்றினால் கலோரி குறையாது. பால் 8.4 லிட்டர் என்பது நாளுக்கு 1.2 லிட்டர், தயிரும் மோரும் அதற்குள்ளேயே. சமன்படுத்திய பாலில் 3 சதவீதமும், நிலைப்படுத்திய பாலில் 4.5 சதவீதமும், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் கொழுப்பு. பெரியவர்களுக்கு முதலாவதே போதும்.

உப்பு, சர்க்கரை, பொட்டலங்கள்

மற்றவற்றில் அளவு எட்ட வேண்டும். இவற்றில் அளவு தாண்டக் கூடாது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 28-ஆல் பெருக்கினால் 140 கிராம். அதாவது ஒரு கிலோ உப்புப் பொட்டலம் நான்கு பேருக்கு ஏழு வாரம் வர வேண்டும். எங்கள் வீட்டில் முன்பு நான்கு வாரத்தில் தீர்ந்தது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு இதற்கு மேல். கல்லுப்பை விரும்புகிறவர்கள் அயோடின் சேர்த்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். சர்க்கரை ஒருவருக்கு 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்பதால் வாரத்துக்கு 700 கிராமே உச்சம். இதில் நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் அடங்கும். நாட்டுச் சர்க்கரை என்பதற்காகத் தனிக் கணக்கு வைத்தால் ஏமாறுவது நாமே.

பொட்டலத்தில் வாங்குவதானால் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்ந்துள்ள பொருள்களை எடை மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது விதி. என் மகளுக்காகக் கேழ்வரகு பிஸ்கட் என்று நம்பி ஒன்றரை ஆண்டு வாங்கி வந்த பொட்டலத்தில், முதலில் சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவும், அடுத்து சர்க்கரையும், பிறகு பாமாயிலும் இருந்தன, கேழ்வரகு நாலாவது. சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு என்பது மைதாவேதான். மசாலாப் பொருள்களிலும் மஞ்சளை விரலி மஞ்சளாகவும், மிளகாயை வற்றலாகவும், மல்லியை முழு விதையாகவும் வாங்கி அரைத்துக்கொள்வது பாதுகாப்பு. மஞ்சள் தூளில் நிறத்துக்காகக் காரீயம் கலந்த சாயத்தைச் சேர்ப்பது பல இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

11 கிலோ காய் வாங்கி மூன்று கிலோ அழுகிப்போனால் கணக்கால் பயனில்லை. தொடக்கத்தில் எங்களுக்கு அதுதான் நடந்தது. கீரையையும் கொத்தமல்லியையும் கழுவிவிட்டு வைத்ததுதான் காரணம். ஈரம் பட்டால் இரண்டே நாளில் கொழகொழவென்று ஆகிவிடும். இப்போது பழைய பருத்தி வேட்டித் துண்டில் கழுவாமல் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சமைக்கும்போது மட்டும் கழுவுகிறோம். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அச்சு மை உணவில் ஒட்டும். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் உருளை விரைவில் முளைவிடும். தக்காளியில் செங்காயை வெளியே வைத்து, பழுத்ததை மட்டும் உள்ளே வையுங்கள். பயறு, உளுந்துச் சம்படங்களில் காய்ந்த வேப்பிலையும் இரண்டு மிளகாய் வற்றலும் போட்டு வைத்தால் வண்டு வராது.

சமைக்கும் வரிசைக்கும் ஒரு முறை வேண்டும். ஞாயிறும் திங்களும் கீரை, வாழைப்பூ, வெண்டைக்காய். செவ்வாய், புதன் கத்தரி, அவரை, பாகல். வியாழன் மாலையில் மஞ்சப்பையோடு போய் வாங்கி வரும் இரண்டு கட்டுக் கீரை. வெள்ளியும் சனியும் கேரட், கோஸ், சுரை, பூசணி. வேகமாக வாடுவது முன்னே, தாங்குவது பின்னே என்பதைத் தவிர இதில் வேறு நுட்பம் இல்லை.

சனிக்கிழமை இரவு, கொண்டைக்கடலையை ஊறப் போடும் நேரத்தில், கூடையில் மிஞ்சியதை நிறுத்து நோட்டில் எழுதிவிடுகிறோம். மறுநாள் பட்டியலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். சென்ற வாரம் மிஞ்சியது பூசணிக்காய்த் துண்டு 400 கிராம், கேரட் இரண்டு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. ஆகவே நாளைக்கு நாட்டுக் காய் நாலு கிலோ.